சரிவில் செயின் வண்டி: கரட்டிலும் மலைக்காட்டிலும் பொக்லைன் கவிழாமல், சறுக்காமல் வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

20 டன் பொக்லைனின் விவரத்தாளில் 'ஏறும் திறன் 35 டிகிரி' அல்லது '70 சதவீதம்' என்று போட்டிருக்கும். கொல்லிமலை, பர்கூர், ஏற்காடு, வால்பாறைப் பக்கம் தோட்டத்துப் பாதை வெட்டுகிறவர்களும், கீழே கரட்டை ஒட்டிய மேட்டுக்காட்டைச் சமன் செய்கிறவர்களும் இந்த எண்ணை வேலைக்கான வரம்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வரம்பு அல்ல. காலி பக்கெட்டோடு, கெட்டியான தரையில், நேராக மேலே ஏற இன்ஜினுக்கும், செயினை ஓட்டும் டிராவல் மோட்டாருக்கும் உள்ள பலம் அது. வண்டி பக்கவாட்டில் கவிழுமா, செயின் மண்ணைப் பிடிக்குமா என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைச் சுற்றித்தான் நிற்கிறது. சரிவின் மேல் நின்று மண் அள்ளக் கூடாது. சரிவில் சமதளம் ஒன்றை வெட்டி, அதன் மேல் நின்றுதான் அள்ள வேண்டும். சரிவு என்பது வண்டி ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு நேராக ஏறி இறங்கும் வழி, அவ்வளவே.

கவிழ்வதன் கணக்கு

20 டன் வண்டியில் இரண்டு செயின்களின் நடுக்கோடுகளுக்கு இடையே சுமார் 2.4 மீட்டர் இருக்கும். அதாவது வண்டியின் நடுவிலிருந்து ஒரு செயினுக்கு 1.2 மீட்டர். எடை மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமதளத்தில் அந்த இடத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டால் நடுவில் விழும். பக்கச் சரிவில் நின்றால் 15 டிகிரியில் 27 செ.மீ., 25 டிகிரியில் 47 செ.மீ. கீழ்ப்பக்கம் தள்ளி விழும். 25 டிகிரியில் 1.2 மீட்டரில் மிச்சம் 73 செ.மீ.

இப்போது பக்கெட்டை நிரப்புங்கள். ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறத்தாழ 1.8 டன் வரும். அதைக் கீழ்ப்பக்கம் திருப்பி 8 மீட்டர் தள்ளிப் பிடித்தால், பூம் (பெரிய கை), ஆர்ம் (அதன் முனையில் பக்கெட்டைத் தாங்கும் சின்னக் கை) இரண்டின் சொந்த எடையை வண்டியின் வாலில் உள்ள கவுன்டர்வெயிட் ஈடுகட்டிவிடுகிறது என்றே வைத்தாலும், எடை மையம் மேலும் 66 செ.மீ. கீழே நகரும். மிச்சம் 7 செ.மீ. மேல்பாகம் சுழலும் ஸ்விங்கை வெடுக்கென்று நிறுத்தும்போது வரும் உதறல் ஒன்றே அதைத் தின்றுவிடும்.

'நாங்க 25 டிகிரியில நிக்கறதே இல்லீங்க' என்று சொல்வார்கள். நிற்பது தெரியாமல்தான் நிற்கிறார்கள். மேல்பக்கச் செயினுக்கு அடியில் 20 செ.மீ. உயரக் கல் ஒன்று மாட்டினால் வண்டி கூடுதலாக 5 டிகிரி சாயும். கீழ்ப்பக்கச் செயின் இளகிய மண்ணில் 20 செ.மீ. புதைந்தால் இன்னொரு 5 டிகிரி. கண்ணுக்கு 15 டிகிரியாகத் தெரிகிற காடு வண்டிக்கு 25 ஆகிவிடுகிறது.

கேபினில் ஒட்டியிருக்கும் தூக்குதிறன் அட்டவணையும் இங்கே உதவாது. ஐஎஸ்ஓ 10567 முறைப்படி அந்த எடைகள் கவிழ்க்கும் எடையில் 75 சதவீதம் அல்லது ஹைட்ராலிக் தூக்குதிறனில் 87 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. இரண்டுமே கெட்டியான சமதளத்துக்கான கணக்கு.

முந்தைய நாள்: சரிவை அளப்பது, மண்ணைப் படிப்பது

கண் மதிப்பை நம்ப வேண்டாம். கொத்தனாரின் ரசமட்டத்தை 1 மீட்டர் நீளப் பலகையின் மேல் வைத்து, பலகையின் ஒரு முனையைச் சரிவில் ஊன்றி, மட்டம் பார்த்து, மறுமுனையிலிருந்து தரைக்கு டேப் பிடியுங்கள். 18 செ.மீ. வந்தால் 10 டிகிரி. 27 என்றால் 15, 36 என்றால் 20, 47 என்றால் 25, 58 என்றால் 30. வண்டி போகும் வழி முழுக்கப் பத்தடிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். சராசரி பயன்படாது, மிகச் செங்குத்தான அந்த ஒரு இடம்தான் கணக்கு.

எங்கள் வரம்பு இது. மண் காய்ந்து கெட்டியாக இருந்தால் நேராக ஏறி இறங்க 20 டிகிரி வரை. 15-க்கு மேல் போனாலே சாய்தளம் வெட்டி ஏறுவது நல்லது. பக்கவாட்டில் குறுக்கே நடத்துவது 10 டிகிரிக்கு மேல் கூடாது. பக்கெட் நிறைய மண்ணோடு சுழற்ற 5 டிகிரிக்குள் தளம் வேண்டும். நியூசிலாந்தின் காட்டுவேலைப் பாதுகாப்பு நெறிமுறை செயின் வண்டிகளுக்கு 22 டிகிரி, டயர் வண்டிகளுக்கு 17 டிகிரி என்று எல்லை வைத்தது. அங்கே சரிவில் ஓட்டுவதே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கான எல்லை அது. உங்கள் வண்டியின் கையேடு இதைவிடக் குறைத்துச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

அடுத்தது மண். கொல்லிமலை, சேர்வராயன் மலைகளில் அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. அது மட்கும்போது முழுவதும் மண்ணாகாது. செம்மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் அங்கங்கே மிச்சம் நிற்கும். மேலே பார்த்தால் நல்ல மண் தரை, உள்ளே லாரி அளவுக் கல் ஒன்று கீழ் ஆதாரம் எதுவுமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதன் கீழ்ப்பக்க மண்ணைத் தோண்டினால் கல் வண்டியை நோக்கி வரும். எனவே ஒரு கல் வெளியே தெரிந்தவுடன் மேல்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மண்ணை எடுத்து, அதன் முழு அளவைப் பார்த்த பிறகே அதைத் தொடுங்கள்.

மண்ணும் பாறையும் சேரும் கோடு அதைவிட முக்கியம். மழைநீர் மண்ணில் இறங்கி, பாறையில் முட்டி, அந்தக் கோட்டிலேயே கசிந்து ஓடும். மேல்மண் மொத்தமாக வழுக்கி இறங்குவதும் அந்தக் கோட்டில்தான். சரிவின் அடியில் புது ஊற்று, கலங்கல் தண்ணீர், மேலே பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், வளைந்த வேலிக்கால்கள் என எதைப் பார்த்தாலும் அங்கே வண்டி போகக் கூடாது.

இன்னும் மூன்று பார்வை பாக்கி. சரிவுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? வீடு, சாலை, ஆடு மாடு மேய்க்கிற இடம், தண்ணீர் எடுக்கிற பள்ளம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஊரில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மின்கம்பி எங்கே? 11 கேவி, 22 கேவி கம்பிகளுக்கு பூம் முனையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் இடைவெளி, டவர் லைனுக்கு இன்னும் அதிகம். சரிவில் கம்பி ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு இறங்கும்போது மேட்டுப் பக்கத்தில் தரைக்கு மிக அருகே வரும். கீழே நின்று பார்த்துவிட்டு உயரமாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அனுமதி இருக்கிறதா? மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில் கேட்காமல் வெட்டினால் வேலை பாதியில் நிறுத்தப்படும். பாதி வெட்டிய சரிவு மழைக்காலத்தில் தனியே நிற்பது எல்லாவற்றையும்விட ஆபத்து.

வண்டியில் என்ன பார்க்க வேண்டும்

செயின் தளர்ச்சி முதலில். சரிவில் பக்கவாட்டு இழுப்பு வரும்போது தொங்கும் செயின் முன்பக்கச் சக்கரமான ஐட்லரிலிருந்து கழன்றுவிடும். பொக்லைனின் நிறுத்த பிரேக் டிராவல் மோட்டாருக்குள்ளேதான் இருக்கிறது. அது ஸ்ப்ராக்கெட் என்ற பின்பக்கப் பல்சக்கரத்தைப் பிடிக்கும், ஸ்ப்ராக்கெட் செயினைப் பிடிக்கும், செயின் தரையைப் பிடிக்கும். செயின் கழன்றால் அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது, ரோலர்கள் செயின் மேல் உருண்டு ஓடும். சரிவில் வேலை இருந்தால் செயின் அளவை முதல் நாளே சமதளத்தில் சரிசெய்யுங்கள். கிரீஸை வெளியேற்றித் தளர்த்தும்போது வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. உள்ளே உள்ள அழுத்தத்தில் வால்வே தோட்டாவாகப் பாயும்.

ஸ்ப்ராக்கெட் போல்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். டிராவல் மோட்டாரோடு சேர்ந்த பல்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவில் எண்ணெய்க் கசிவு இருந்தால் வண்டி சரிவுக்குப் போகக் கூடாது. செயின் பட்டைகளில் மண்ணைக் கடிக்கும் மேடுகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம்.

டீசல் பாதிக்குக் கீழே இருக்கக் கூடாது. சாயும்போது டேங்கின் ஒரு மூலைக்கு டீசல் ஒதுங்கி, குழாய் காற்றை இழுத்து, ஏறும் வழியில் இன்ஜின் நின்றுவிடும். இன்ஜின் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் சரியான அளவில் இருக்க வேண்டும்.

கடைசியாக சீட் பெல்ட். கவிழ்ந்தால் தாங்கும் கேபினா என்பதை உள்ளே ஒட்டிய தகட்டில் பார்க்கலாம். 6 டன்னுக்கு மேற்பட்ட பொக்லைன்களுக்கான தரம் ஐஎஸ்ஓ 12117-2. அந்தத் தகடு இல்லாத வண்டியைச் சரிவுக்கு அனுப்ப வேண்டாம். பின்கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கதவு இடப்பக்கம், வண்டி இடப்பக்கம் கவிழ்ந்தால் வெளியேற அந்த வழி ஒன்றுதான்.

லோபெட்டிலிருந்து இறக்குவது

மலையில் முதல் சரிவு, பொக்லைனை ஏற்றிவரும் தாழ்தள டிரெய்லரான லோபெட்டின் பலகைதான். அது 15 டிகிரிக்கு மேல் நிற்கக் கூடாது. சேறு படிந்த செயின், ஈரப் பலகை, இரண்டும் இரும்பு: பிடிமானமே இருக்காது. செயினையும் பலகையையும் துடைத்த பிறகே வண்டி நகர வேண்டும். பலகையின் மேல் ஒரு விரற்கடை கூடத் திருப்பக் கூடாது. கோணலாகப் போய்விட்டால் திரும்பிப் போய் மறுபடி நேராக வாருங்கள். பலகையும் மேடையும் சேரும் முனையில் வண்டி சட்டென்று தலைசாயும், அங்கே ஊர்ந்து போக வேண்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, திம்பத்துக்கு 27. நீளமான லோபெட் எல்லா வளைவிலும் திரும்புமா என்பதை முன்பே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வழியில் மாட்டி, சாலைச் சரிவிலேயே வண்டியை இறக்கும் நிலை வரக் கூடாது.

ஏறுவது, இறங்குவது

டிராவல் வேகம் எப்போதும் ஆமை படத்தில். முயல் படத்தைச் சரிவில் தொட வேண்டாம்.

ஏறும்போது ஸ்ப்ராக்கெட் பின்னால், கேபின் மேட்டைப் பார்த்து. பூமையும் ஆர்மையும் முன்னால் நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் வையுங்கள். முன்பக்க எடை வண்டி மல்லாக்கச் சாயாமல் பிடிக்கும், சறுக்கினால் பக்கெட்டை உடனே ஊன்றலாம்.

இறங்கும்போதும் ஸ்ப்ராக்கெட் பின்னால், அதாவது இப்போது மேட்டுப் பக்கம், இருக்க வேண்டும். அது கீழ்ப்பக்கம் வந்தால் செயினின் மேல்பகுதி தொய்ந்து பல் தாண்டிவிடும். இன்ஜின் வேகத்தைக் குறைத்து, லீவரை நடுநிலைக்குப் பக்கத்திலேயே வைத்து, பூமுக்கும் ஆர்முக்கும் இடையே 90 முதல் 110 டிகிரி மடக்கி, பக்கெட்டைத் தரையோடு உரசும் அளவுக்குத் தாழ்த்தி இறங்குங்கள்.

நடுவழியில் திரும்புவது, 10 டிகிரிக்கு மேல் குறுக்கே போவது, கோணலாக ஏறுவது மூன்றும் கூடாது. சரிவில் திரும்பும்போது ஒரு செயின் நிற்கும், மறு செயின் மேல்மண்ணைச் சீவிக்கொண்டு போகும். சீவிய மண் உருண்டைகள் மேலேயே வண்டி உட்கார்ந்துவிடும். திசை மாற்ற வேண்டுமானால் சமதளத்துக்கு இறங்கி, அங்கே திருப்பி, மறுபடி ஏறுங்கள்.

20 டிகிரியில் 20 டன் வண்டியைக் கீழே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 6.8 டன், 30 டிகிரியில் 10 டன். ஈரப்பாறையில் இரும்புக்கு எடையில் 0.3 பங்கு பிடிமானம் என்று வைத்தால், 17 டிகிரியிலேயே செயின் நின்ற நிலையில் வண்டி வழுக்கும். பாறை மேல் நடத்தியே ஆக வேண்டுமென்றால் 30 செ.மீ. சரளை கொட்டி அதன் மேல் ஏறுங்கள். காய்ந்த புல்லும் தைலமரத்து, சில்வர் ஓக் சருகும் ஈரப்பாறைக்குச் சற்றும் குறைந்தவையல்ல. வழியைப் பக்கெட்டால் சுரண்டிவிட்டுப் போக வேண்டும்.

தளம் வெட்டுவது

1. கெட்டியான சமதளம் இருக்கும் முனையில் தொடங்குங்கள். வண்டி அங்கே நின்று, சரிவின் குறுக்கே முன்னால் பார்த்து, தன் எதிரில் 3 மீட்டர் நீளத்துக்கு மண்ணை வெட்டி மட்டமாக்க வேண்டும். பிறகு அந்த மட்டத்தில் ஏறி நின்று அடுத்த 3 மீட்டர். வெட்டாத சரிவில் செயின் ஒரு தடவையும் ஏறக் கூடாது.

2. தளத்தின் அகலத்தை வண்டியின் வால் தீர்மானிக்கிறது. 20 டன் வண்டியின் பின்பக்கச் சுழல் ஆரம் சுமார் 2.8 மீட்டர். மண்சுவருக்கும் கவுன்டர்வெயிட்டுக்கும் 1 மீட்டர், நடுவிலிருந்து வெளிச் செயின் ஓரம் 1.5 மீட்டர், அதற்கு வெளியே கொட்டு மண் அல்லாத கெட்டித் தரை 1 மீட்டர். மொத்தம் 6.3 மீட்டர். அவ்வளவு அகலம் இல்லையென்றால் மண்ணைக் கீழ்ப்பக்கம் சுழற்றிக் கொட்டக் கூடாது. முன்னும் பின்னுமாக எடுத்து டிப்பரில் ஏற்றுங்கள். கீழ்ப்பக்கம் பக்கெட் திரும்பும்போது கவுன்டர்வெயிட் சுவர்ப்பக்கம் வரும். அந்த இடைவெளியில் ஹெல்பர் நின்றால் நசுங்கிப்போவார். ஆபரேட்டருக்கு அந்த மூலை தெரியாது.

3. தளம் முழுவதும் மலையை வெட்டி வந்த தரையாகவே இருக்கட்டும். பாதி வெட்டி, அந்த மண்ணை வெளியே கொட்டிப் பாதி அகலம் சேர்ப்பது வழக்கத்தில் இருக்கிறது. கார் போகும் பாதைக்கு அதைக் கெட்டித்துப் பயன்படுத்தலாம், 20 டன் வண்டி நிற்க அது தளம் அல்ல.

4. சுவரின் உயரத்தைக் கணக்கிடுங்கள். 20 டிகிரிச் சரிவில் 6 மீட்டர் தளம் வெட்டி, பின்சுவரை 45 டிகிரி சாய்த்தால் சுவர் 3.4 மீட்டர் உயரம் வரும். 30 டிகிரிச் சரிவில் அதே தளத்துக்கு 8.2 மீட்டர். அது ஆபரேட்டர் முடிவெடுக்கும் வேலை அல்ல, மண் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின் 106-ஆவது விதி, வண்டல், சரளை, களிமண் போன்ற இளகிய மண்ணில் பக்கங்களை 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக விடக் கூடாது, இல்லையென்றால் 1.5 மீட்டருக்கு மேற்படாத படிகளாக, உயரத்துக்குக் குறையாத அகலத்தில் வெட்ட வேண்டும் என்கிறது. சட்டப்படி அது சுரங்கங்களுக்கும் குவாரிகளுக்கும். தோட்டத்து மண்ணும் அதே மண்தான்.

5. தளத்தைச் சுவர்ப்பக்கம் 2 முதல் 3 சதவீதம் சாய்த்து வெட்டுங்கள், 6 மீட்டருக்கு 12 முதல் 18 செ.மீ. தண்ணீர் சுவரடி வாய்க்காலில் ஓடும், வண்டியும் மலைப்பக்கமே சாயும். வெளி ஓரத்தில் அரை மீட்டர் உயர மண்வரப்பு விடுங்கள். வரப்பு வண்டியை நிறுத்தாது, ஓரம் எங்கே என்று ஆபரேட்டருக்குக் காட்டும்.

விளிம்பும் கொட்டு மண்ணும்

'ஏனுங்ண்ணா, அந்த ஓரத்துக் கல்லை மட்டும் தள்ளி உட்ருங்க' என்று காட்டுக்காரர் கேட்பார். மணி வாடகை ஓடிக்கொண்டிருக்கும், கல்லும் எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கும். அங்கேதான் மறுக்க வேண்டும். விளிம்பின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம் உள்ளே செயின் நிற்க வேண்டும். 3 மீட்டர் உயரக் கரை என்றால் 3 மீட்டர் தள்ளி. கொட்டு மண் என்றால் அதன் மேல் ஏறவே வேண்டாம்.

விளிம்பில் வேலை செய்யும்போது செயின் விளிம்புக்கு நேர்குத்தாக, டிராவல் மோட்டார் பின்பக்கம் இருக்க வேண்டும். மண் விட்டால் லீவரை இழுத்ததும் நேராகப் பின்வாங்கலாம். செயின் விளிம்போடு இணையாக நின்றால் ஒரு செயின் மொத்தமாக இறங்கும், தப்ப வழி இருக்காது. நிற்கும் தளத்துக்கு அடியில், செயினுக்கு முன்னால் உள்ள மண்ணைக் குடைந்து எடுப்பதும் அதே முடிவைத்தான் தரும்.

முன்பக்கப் பிளேடால் மண் தள்ளும் டோசருக்கு ஒரு முறை உண்டு: முதல் தள்ளு மண்ணை விளிம்பிலேயே குவியலாக விட்டுவிட்டு, அடுத்த மண்ணால் அதைத் தள்ளுங்கள். பிளேடு விளிம்பைத் தாண்டக் கூடாது.

பக்கெட்டுக்குப் பதில் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டியிருந்தால், அதிர்வு மேலே இருக்கும் தளர்ந்த கற்களை எழுப்பும். முதலில் மேல்பக்கக் கற்களை இறக்கிவிட்டு, பிறகு உடைக்கத் தொடங்குங்கள்.

ஹெல்பர் நிற்கும் இடம் மேட்டுப்பக்கம், கேபினிலிருந்து தெரியும்படி, பூம் எட்டும் தூரத்துக்கு வெளியே. கீழ்ப்பக்கம் ஒருவரும் கூடாது. சைகை கொடுப்பவர் ஒரே ஆள். அவர் கண்ணில் படாவிட்டால் வண்டி நிற்க வேண்டும்.

மழை

வால்பாறைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். கொல்லிமலை, ஏற்காடு பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்திலும் மழை வரும், அதற்கு முன் கோடை மழையும் உண்டு. மழை விட்டவுடன் மேல்மண் காய்ந்ததுபோலத் தெரியும், பாறைக் கோட்டில் தண்ணீர் அதன் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். சுவரடிக் கசிவு நிற்கும்வரை வண்டியை ஏற்ற வேண்டாம். மழை நடுவில் பிடித்துக்கொண்டால் இறங்க முயல்வதைவிடத் தளத்திலேயே, சுவரிலிருந்து தள்ளி, பக்கெட்டை ஊன்றி நிறுத்துவதே மேல்.

இரவில் நிறுத்தும்போதும் அப்படியே. வெட்டுச் சுவருக்கு அடியிலும் பள்ளத்திலும் நிறுத்தக் கூடாது. சரிவில் நிறுத்தியே தீர வேண்டும் என்றால் நேராக மேல்நோக்கி நிறுத்தி, பக்கெட் பற்களை மண்ணில் இறக்கி, இரண்டு செயினின் கீழ்ப்பக்கமும் கட்டை கொடுத்து, பூட்டு லீவரைப் போட்டு, சாவியை எடுங்கள்.

தவறிவிட்டால்

சறுக்கத் தொடங்கினால் டிராவல் லீவரை விட்டுவிட்டு, பக்கெட்டைத் தரையில் ஊன்றுங்கள். செயினைச் சுழற்றிச் சமாளிக்க நினைத்தால் பிடிமானம் இன்னும் போகும். இன்ஜின் நின்றுவிட்டால் லீவர்களை நடுநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், சாவி ஆன் நிலையில் இருந்தால், அழுத்த எண்ணெயைச் சேமிக்கும் அக்குமுலேட்டரில் மிச்சமுள்ள அழுத்தம் பூமை இறக்கப் போதும்.

கவிழத் தொடங்கினால் குதிக்கக் கூடாது. குதிப்பவர் மேல்தான் வண்டி விழும். பெல்ட்டோடு, இருக்கையைப் பிடித்துக்கொண்டு, கை கால்களைக் கேபினுக்குள் வைத்திருங்கள். வண்டி நின்ற பிறகு பின்கண்ணாடி வழியே வெளியேறி மேட்டுப்பக்கம் போங்கள்.

மின்கம்பி பட்டுவிட்டால் உள்ளேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் 10 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் நகர்ந்து விலகுங்கள்.

செயின் கழன்றால் சரிவிலேயே பூமை ஊன்றி வண்டியைத் தூக்கி மாட்டப் பார்க்காதீர்கள். தூக்கிய பக்கம் தரையை விட்டுவிடும், மறு செயின் மட்டும் 20 டன்னைப் பிடிக்காது. பக்கெட்டை ஊன்றி, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஆபரேட்டர் இறங்கிவிட வேண்டும். இன்னொரு வண்டி மேலே சமதளத்தில் நின்று கம்பிவடத்தால் பிடித்த பிறகே வேலை. வடத்தைப் பக்கெட் பல்லில் மாட்டக் கூடாது, டிராக் ஃபிரேமில் சுற்றி, முனைகளில் மரக்கட்டை வைத்துக் கட்டுங்கள். வடம் அறுந்தால் சுழன்று வரும், அதன் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது.

ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்பு மீட்புக்கு 101. மலையில் செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதை வேலை தொடங்கும் முன்பே கண்டுபிடித்து ஹெல்பருக்குக் காட்டிவிடுங்கள். அழைக்கும்போது எத்தனையாவது வளைவு, அங்கிருந்து எந்தத் தோட்டத்துப் பாதை, எத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டும். பாதை பிரியும் இடத்தில் ஒருவர் போய் நின்று வண்டியைக் கூட்டிவர வேண்டும்.